நம் தெருவில் வாழும் இறைவாக்கினர்கள்



கிறித்து பிறப்புப் பெருவிழாவுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை திருவருகைக்காலம் என்று அழைக்கிறது. அந்நாள்களில் நம் நாட்டுப் பேரங்காடிகளில் மின்விளக்கு மரங்கள் மின்னும்; இன்னிசை ஒலிக்கும்; மலிவு விற்பனைகள் களைகட்டும். ஆனால், கோவிலுக்குள் நுழைந்தால் அங்கே நம்மை எதிர்கொள்பவர் முற்றிலும் வேறான ஒரு மனிதர். ஒட்டக முடி ஆடையும் தோல்கச்சையும் அணிந்து, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு, பாலைநிலத்தில் நின்று உரத்துப் பேசிய திருமுழுக்கு யோவான்தான் அவர். திருவருகைக்காலத்தின் இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் நற்செய்தி வாசகங்கள் இவரைச் சுற்றியே அமைகின்றன.

குழந்தை பிறக்கப்போகும் வீட்டின் வாசலில் இத்துணைக் கடுமையான ஒருவரைத் திருச்சபை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறது? அவரைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது என்பதற்காகத்தான். மனம் மாறாமல் விழாக் கொண்டாடினால் அது வெறும் விருந்தாக மட்டுமே முடியும்.

என் எழுத்தைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர் என்பதை நன்கறிவேன். ஆகவே, ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் எழுதப்போவது மதமாற்றத்தைப் பற்றி அன்று, மனமாற்றத்தைப் பற்றி. இரு சொற்களுக்கும் இடையில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால், மதமாற்றம் அடுத்தவரைப் பார்த்துக் கைநீட்டும் சொல்லாகவே பெரும்பாலும் வழங்குகிறது. மனமாற்றமோ தன் நெஞ்சைத் தானே தொட்டுப் பார்க்கச் சொல்வது. ஏற்கனவே கிறித்தவராக இருப்பவருக்குத்தான் இது முதலில் தேவைப்படுகிறது.

இரண்டு சொற்கள்

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குச் சொற்களில் நின்று பார்க்கும் பழக்கம் உண்டு. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் 'தீர்க்கதரிசி' என்ற சொல் வழங்கியது. நெடுந்தொலைவைக் காண்பவர் என்பது அதன் பொருள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்ற சொல்லைக் கையாண்டது. இறைவனின் வாக்கைச் சுமந்து வந்து உரைப்பவர் என்பது இதன் பொருள்.

முதற்சொல் நம் மக்களிடையே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. தீர்க்கதரிசி என்றவுடன் வரப்போவதை முன்கூட்டியே சொல்பவர் என்று எண்ணிக்கொள்கிறோம். மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும், மகளுக்குத் திருமணம் எப்போது நடக்கும், வீட்டுக்கடன் கிடைக்குமா என்று கேட்பதற்காகக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். விவிலியத்தின் இறைவாக்கினர்கள் எதிர்காலத்தைப் பற்றியும் பேசினார்கள் என்பது மெய்தான். ஆனால், அவர்கள் பெரிதும் பேசியது நிகழ்காலத்தைப் பற்றி. 'நீ போகும் வழி இதுதான். இவ்வழியே போனால் இன்ன இடத்தில் போய் விழுவாய். திரும்பிவிடு' என்பதே அவர்கள் செய்தியின் சாரம்.

'திரும்பு' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. எபிரேய மொழியில் மனந்திரும்புதலைக் குறிக்கும் 'ஷூவ்' என்ற வினைச்சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பதே நேர்ப்பொருள். கிரேக்கத்தில் வழங்கும் 'மெட்டனோயா' என்ற சொல்லுக்கு எண்ணம் மாறுதல் என்பது பொருள். ஒன்று காலின் செயல். மற்றொன்று நெஞ்சின் செயல். மனந்திரும்புதல், மனமாற்றம் என்னும் நம் இரு தமிழ்ச் சொற்களும் இவ்விரு பொருளையும் அழகாகத் தாங்கி நிற்கின்றன.

சான்றிதழ் இல்லாதவர்கள்

இறைவாக்கினர் என்றால் நீண்ட தாடியும் கையில் கோலும் உடையவர் என்ற ஓவியம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. விவிலியம் காட்டும் ஓவியம் அதுவன்று.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ், தெற்கே யூதா நாட்டில் தெக்கோவா என்னும் ஊரில் ஆடு மேய்த்தவர். காட்டு அத்தி மரங்களைப் பேணியவர். அவர் வடநாட்டுக்குப் போய், இரண்டாம் எரொபவாம் ஆட்சியில் செழித்திருந்த மக்களைப் பார்த்துப் பேசினார். கள்ளத் தராசு வைத்திருக்கிறீர்கள், ஒரு சோடிக் காலணிக்காக ஏழையை விற்கிறீர்கள், ஓய்வுநாள் எப்போது முடியும் கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள் என்று அவர்களைச் சாடினார். பெத்தேல் கோவிலின் குருவாகிய அமட்சியா அவரை விரட்டினார். இது அரசனின் கோவில், உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்பது அவர் வாதம். ஆமோஸ் தந்த மறுமொழி, தாம் இறைவாக்கினரும் அல்லர், இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவரும் அல்லர் என்பதுதான். இன்றைய பேச்சில் சொன்னால், அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை!

அராம் நாட்டுப் படைத்தலைவன் நாமானின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய தோல்நோய்க்கு வழி சொன்னவள் யார்? போரில் சிறைபிடிக்கப்பட்டு அவன் மனைவிக்குப் பணிவிடை செய்த ஓர் இசுரயேல் சிறுமி. பின்னர், யோர்தான் ஆற்றில் ஏழு முறை மூழ்கு என்று எலிசா சொல்லியனுப்பியபோது சினந்து திரும்பிய நாமானைப் பேசி வழிக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? அவனுடைய வேலைக்காரர்கள். இவர்களில் ஒருவருக்கும் விவிலியத்தில் பெயர் இல்லை. பெரிய மனிதன் ஒருவன் நலம் பெற்றது பெயரில்லாத சிறியவர்களின் சொல்லைக் கேட்டதால்தான். பிலயாம் என்பவனுக்கோ ஒரு கழுதையே வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது!

நம் தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறக் கிள்ளிவளவன் முற்பட்டபோது குறுக்கே நின்று பேசியவர் கோவூர்கிழார். அப்பாட்டு புறநானூற்றில் 46ஆவதாக உள்ளது. சோழனின் முன்னோர் பெருமையை நினைவூட்டி, யானையைக் கண்டு வியந்து அழுகையை மறந்த பிள்ளைகளின் நிலையையும் காட்டி, அவனைத் தன் நெஞ்சையே பார்க்கச் செய்தார் அவர். தாவீது அரசனிடம் நாத்தான் செய்ததும் இத்தகையதே. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, தாவீதின் வாயாலேயே தீர்ப்பை வரவழைத்து, அந்தச் செல்வன் நீதான் என்றார். வள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடல் என்ற 45ஆம் அதிகாரத்தில், இடித்துரைக்கும் துணை இல்லாத அரசன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்ற கருத்தை வைத்துள்ளார். அரசனுக்குச் சொன்னது குடும்பத் தலைவனுக்கும் வகுப்பாசிரியருக்கும் பொருந்தாதா?

பால் தொட்டி

கோட்பாடு போதும். நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கில் ஓர் அன்பியக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். ஒரு பெண்பிள்ளைக்கு வந்திருந்த வரனைப் பற்றிப் பேச்சு வந்தது. பையன் நல்லவன், அதே திருச்சபை, நிலையான வேலை. எல்லாம் பொருந்தியிருந்தும் பெண்ணின் தந்தை தயங்கினார். "பையன் நல்லவந்தான். ஆனா, அவங்க என்ன ஆளுங்கன்னு இன்னும் சரியாத் தெரியலை" என்றார்.

சாதி என்னும் சொல்லை மலேசியத் தமிழர்களாகிய நாம் வெளிப்படையாகப் பயன்படுத்துவதில்லை. 'என்ன ஆளுங்க' என்று கேட்போம். 'ஊர்ல எந்தப் பக்கம்' என்று கேட்போம். கேள்வி மென்மையாக இருக்கும். அதற்குள் இருக்கும் கத்தி மட்டும் மழுங்கவே மழுங்காது. தமிழகத்தில் சில ஊர்களில் கோவிலுக்குள்ளேயே சாதிவாரியாக இடம் பிரித்து வைத்திருந்த வரலாறு கிறித்தவர்களுக்கும் உண்டு. கப்பலேறி வந்தவர்கள் அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அன்று அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூலையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும் பேசினார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்க்கையைக் கழித்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். செபமாலை சொல்லும்போது தவிர அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"தம்பி, நாங்க காண்டா வாளியில பாலைத் தூக்கிட்டுப் போவோம். நிறுக்குறப்பதான் இது உன் பாலு, இது என் பாலு. தொட்டியில ஊத்தினப்புறம் எது யாரு பாலுன்னு அந்தக் கிராணியாலகூடச் சொல்ல முடியாது. ஞானஸ்நானத் தண்ணியும் அப்படித்தானப்பா? சாமி முன்னால ஒண்ணா ஊத்தினதை நீ வீட்டுல உக்காந்து எப்படிப் பிரிச்செடுப்பே?"

அவ்வளவுதான். பாட்டி மீண்டும் காப்பிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிறித்துவோடு இணைந்திருக்கத் திருமுழுக்குப் பெற்றவருள் யூதர், கிரேக்கர் என்றும், அடிமை, உரிமைக் குடிமகன் என்றும் வேறுபாடு இல்லை என்று தூய பவுல் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். அத்திருமுகத்தை எத்தனையோ முறை கோவிலில் கேட்டிருக்கிறோம். பவுல் ஏட்டில் எழுதியதைப் பாட்டி பால் தொட்டியில் கண்டார். அதைக் கண்ட இடத்தில் சொல்லவும் துணிந்தார்.

பெண்ணின் தந்தை கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று மாதங்கள் அன்பியக் கூட்டத்திற்கு வரவில்லை. பாட்டியைச் சிலர் கடிந்துகொண்டார்கள்; அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் தலையிடலாமா என்று கேட்டார்கள். ஒரு நாள் மாலை அவர் மட்டும் தனியே பாட்டியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை இருவருமே வெளியில் சொல்லவில்லை. மறு ஆண்டு திருமணம் நடந்தது. மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் அவர்தான். அவருடைய அண்ணன் குடும்பம் வரவில்லை. விருந்து மண்டபத்தில் அவர்களுக்கென்று போட்டிருந்த மேசை கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. மனமாற்றத்திற்கு விலை உண்டு. அந்த வெற்று மேசையைப் பார்த்தபோது அது எனக்கு நன்கு விளங்கிற்று.

அக்காவுக்கு எந்த நாள்?

இன்னொரு நிகழ்ச்சி ஒரு குழந்தையின் வாயில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் படித்துக்கொண்டிருந்தோம். இணைச்சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரத்தைப் பெற்றோருடன் சேர்ந்து வாசித்து வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை அங்கே விரிவாக இருக்கிறது. நீ மட்டுமன்று, உன் பிள்ளைகள், உன் வேலைக்காரர், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கும் வேற்றினத்தார் என எல்லாருக்கும் அந்த ஓய்வு உரியது. எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்பதை மறவாதே என்ற காரணமும் அங்கே சொல்லப்படுகிறது.

அடுத்த வாரம் ஒரு தாயார் கோவில் வாகன நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்தார். வாசித்து முடித்ததும் ஐந்தாம் ஆண்டு படிக்கும் அவர் மகள், "அம்மா, வேலை செய்றவங்களுக்கும் லீவுன்னு இதுல போட்டிருக்கே. நம்ம அக்காவுக்கு எந்த நாளு?" என்று கேட்டாளாம். தாயாருக்கு முதலில் எரிச்சல் வந்திருக்கிறது. மதியம் தூங்கத்தானே செய்கிறாள் என்று பதில் சொல்லியிருக்கிறார். ஆனால், கேள்வி அவரை விடவில்லை. மறுநாள் அந்தப் பணிப்பெண்ணிடம் பேசத் தொடங்கியபோதுதான் தெரிந்திருக்கிறது: அவர் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவைச் சேர்ந்தவர், தலையணைக்கு அடியில் செபமாலை வைத்திருப்பவர், வீட்டை விட்டு வந்த நாள் முதல் ஒருமுறைகூடத் திருப்பலிக்குப் போகாதவர். இந்தக் குடும்பமோ ஞாயிறுதோறும் அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கோவிலுக்கு வந்துகொண்டிருந்தது.

பணிப்பெண்களின் ஓய்வுநாள் வெறும் இரக்கப் பேச்சன்று. 2011இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் திருத்தி ஒப்பமிட்ட உடன்பாட்டில் வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது இடம்பெற்றது. சிங்கப்பூரில் 2013 சனவரி முதல், புதிய வேலை அனுமதியோ புதுப்பித்த அனுமதியோ பெறும் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு விதியானது. 2023 சனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது என்றும் ஆக்கினார்கள். விதிகள் வரலாம், போகலாம். வீட்டுக் கதவுக்குள் நடப்பதைப் பார்ப்பதற்கு அதிகாரிகள் வரமாட்டார்கள். அங்கே கேள்வி கேட்க ஒரு குழந்தைதான் வேண்டியிருக்கிறது.

இப்போது அப்பெண் மலாய்மொழித் திருப்பலிக்கு வருகிறார். அதன்பின் அன்றைய பொழுது அவருடையது. "ஞாயித்துக்கிழமை சமையல் முழுக்க என் தலையிலதான் ஐயா" என்று அத்தாயார் சிரித்துக்கொண்டே சொன்னார். மனமாற்றம் நெஞ்சில் தொடங்கி அடுப்பங்கரையில் வந்து நின்ற கதை இது.

மூன்று ஆண்டுகள் பிடித்த ஒரு திருப்பம்

இத்தகைய சொற்கள் உடனே பலன் தராவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

1511ஆம் ஆண்டு திசம்பர் 21, திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. இன்று எய்ட்டியும் தொமினிக்கன் குடியரசும் அமைந்துள்ள தீவில் குடியேறியிருந்த இசுபானியர்கள் கோவிலில் கூடியிருந்தார்கள். அத்தீவின் பழங்குடி மக்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, சுரங்கத்திலும் நிலத்திலும் வேலை வாங்கியவர்கள் அவர்கள். தொமினிக்கன் சபைத் துறவி அந்தோனியோ தே மொந்தேசினோஸ், பாலைநிலத்தில் ஒலிக்கும் குரல் என்ற யோவானின் சொல்லை எடுத்துக்கொண்டு மறையுரை ஆற்றினார். இம்மக்களும் மனிதர் அல்லரா, எந்த உரிமையால் இவர்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று நேருக்கு நேராகக் கேட்டார். ஆளுநர் உட்பட அனைவரும் கொதித்தெழுந்து, பேசியதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் ஏறி, சொன்னதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்.

அந்த மறையுரையைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைத்தது பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் எழுதி வைத்ததால். அவரும் குரு, அவரும் பழங்குடி மக்களை வேலைக்கு வைத்திருந்த நிலவுடைமையாளர். ஒருமுறை அவர் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, இம்மக்களை வைத்திருக்கும்வரை மன்னிப்பு வழங்க இயலாது என்று ஒரு துறவி மறுத்துவிட்டார். அப்போதும் அவர் மாறவில்லை. 1514இல் கியூபாவில் தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறையுரை ஆயத்தம் செய்தபோது சீராக்கின் ஞான நூல் 34ஆம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. ஏழையிடம் பறித்ததைக் காணிக்கையாகப் படைப்பது தந்தையின் கண்முன் மகனைக் கொல்வது போன்றது என்பது அங்குள்ள கருத்து. அதன்பின் தம்மிடம் இருந்தவர்களை விடுவித்தார். 1566இல் இறக்கும்வரை அவர்களுக்காகவே வாதாடினார்.

இடையில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அவர் பரிந்துரைத்ததும், பின்னாளில் அதற்காக மிக வருந்தி எழுதியதும் வரலாற்றில் உள்ளன. ஒருமுறை மனம் மாறியவருக்கும் இன்னொரு குரல் தேவைப்படுகிறது. மனமாற்றம் ஒரு நாளில் எழுதி முடிக்கும் தேர்வன்று.

தோட்டத்துத் துரைமார் காலத்துக் கதைகளைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். லாஸ் காசாஸ் கதையைப் படிக்கும்போது நம்மை அந்தப் பழங்குடி மக்களின் இடத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு இயல்பாக வரும். இன்று நம் வீட்டிலும் கடையிலும் கட்டுமானத் தளத்திலும் வேலை செய்பவர் யார், அவர்கள் பார்வையில் நாம் யார் என்று கேட்டுப் பார்ப்பதுதான் கடினம்.

எப்படி இனங்காண்பது?

குறை சொல்பவர் எல்லாரும் இறைவாக்கினர் ஆகிவிடுவரா? அப்படியானால் நம் தெருவில் இறைவாக்கினருக்குப் பஞ்சமே இராது! ஆகாபு அரசனுக்கு ஏறத்தாழ நானூறு பேர் ஒரே குரலில் வெற்றி உனக்கே என்றார்கள். மீக்காயா ஒருவர்தான் மாறாகச் சொன்னார். மெய்யாக இருந்தது அந்த ஒற்றைக் குரல்தான். என் வாசிப்பிலும் அனுபவத்திலும் தெளிந்த சில அடையாளங்களைத் தருகிறேன்.

1. சொல்பவருக்கு அதனால் ஆதாயம் இராது. பெரும்பாலும் இழப்பே இருக்கும். பாட்டிக்குக் கிடைத்தது ஏச்சுத்தான்.

2. முகத்திற்கு நேரே சொல்வார். முதுகுக்குப் பின்னால் பேசுவது புறங்கூறல்.

3. புதிதாக ஒன்றைத் திணிக்கமாட்டார். நாம் ஏற்கனவே ஏற்றுக்கொண்ட ஒன்றை நினைவூட்டுவார். திருமுழுக்கும் ஓய்வுநாள் கட்டளையும் அவ்விரு குடும்பங்களும் முன்பே ஏற்றுக்கொண்டவைதாம்.

4. பொதுவாகப் பேசமாட்டார். உலகம் கெட்டுவிட்டது என்று புலம்புவது எளிது. உன் வீட்டு அக்காவுக்கு எந்த நாள் என்று கேட்பது அரிது.

5. சொல்லில் கடுமை இருந்தாலும் உள்ளே அன்பு இருக்கும். எரேமியா தம் மக்களைச் சாடியவர்தான். அவர்களுக்காகக் கண்ணீர் வடித்தவரும் அவரே. நம் வீழ்ச்சியில் மகிழ்பவர் சொல்வது இறைவாக்கு ஆகாது.

கேட்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஏரோது, யோவானின் பேச்சை விருப்பத்தோடு கேட்டான் என்கிறது மாற்கு நற்செய்தி. கேட்டான்; குழம்பினான்; கடைசியில் விருந்தினர் முன் மானம் போகக்கூடாது என்று அவர் தலையை வெட்டக் கொடுத்தான். மறையுரை நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டு வீடு திரும்புவது மனமாற்றம் ஆகாது.

ஏலி என்னும் ஆசிரியர்

ஆசிரியர்களாகிய நமக்கு விவிலியத்தில் நான் காணும் சிறந்த பாடம் ஏலியின் கதை. சிறுவன் சாமுவேலை இரவில் ஆண்டவர் அழைத்தார். ஏலிதான் அழைக்கிறார் என்று எண்ணி அவன் மூன்று முறை ஓடி வந்தான். அழைப்பது யார் என்று உணர்ந்து அவனுக்கு வழிகாட்டியவர் ஏலியே. ஆனால், அவன் கேட்ட செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரானது! பையன் சொல்ல அஞ்சினான். ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொண்டார் அந்த முதியவர்.

தமக்கு எதிரான உண்மையைத் தம் மாணவன் வாயாலேயே கேட்கத் துணிந்த ஆசிரியர் அவர். அதே வேளையில், தம் பிள்ளைகளைத் திருத்தாமல் விட்டதால் வந்த அழிவையும் அவர் காண நேர்ந்தது. கேட்கும் காது இருந்தது. திரும்பும் கால் இல்லை. இரண்டும் வேண்டும் என்பதற்கு அவரே சான்று.

பெரியவர்கள் பேசும்போது வாயை மூடு என்று நாம் எத்தனை முறை சொல்கிறோம்! பிள்ளைகள் மரியாதையோடு பேசக் கற்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், தொனியைத் திருத்துவது வேறு, உண்மையை அடக்குவது வேறு. தொனியைத் திருத்திவிட்டு, சொன்னதற்குப் பதிலும் சொல்வதே நல்லாசிரியருக்கும் நற்பெற்றோருக்கும் அழகு.

நாம் என்ன செய்யலாம்?

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் மக்கள் யோவானிடம் வந்து தாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறார்கள். அவர் யாரையும் தம்மைப் போல் பாலைநிலத்துக்கு வரச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரட்டும். வரி தண்டுபவர் விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கட்டும். படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்காமல் தம் ஊதியத்தோடு நிறைவடையட்டும் என்கிறார். அவரவர் தொழிலுக்குள்ளேயே அவரவர் மனமாற்றத்தைக் காட்டினார்.

நம் பள்ளி வாசலுக்கு அவர் வந்தால் நமக்கு என்ன சொல்வார்? ஆசிரியர்களைப் பார்த்து, பள்ளியில் கற்பிக்க வேண்டியதை மாலை நேரப் பிரத்தியேக வகுப்புக்கு ஒதுக்கி வைக்காதீர்கள் என்பார். முன்வரிசைப் பிள்ளையின் பெயரை எந்த அன்போடு அழைக்கிறீர்களோ அதே அன்போடு பின்வரிசைப் பிள்ளையையும் அழையுங்கள் என்பார். பெற்றோரைப் பார்த்து, பிள்ளை உண்மை சொன்ன நாளில் அவனை அடிக்காதீர்கள் என்பார். யு.பி.எஸ்.ஆர். தேர்வை அரசாங்கம் 2021இல் அகற்றிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் தேர்வை உங்கள் வீட்டில் எப்போது அகற்றுவீர்கள் என்றும் கேட்பார்.

திருமுழுக்கின்போது உச்சந்தலையில் தூய எண்ணெய் பூசப்பெறும் ஒவ்வொருவரும் கிறித்துவின் இறைவாக்குப் பணியில் பங்கு பெறுகிறார் என்பது திருச்சபையின் போதனை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டில் இதை மக்கள் அனைவருக்கும் உரியதாக அறிவித்தது. ஆகவே, அந்தப் பாட்டியும் அந்தச் சிறுமியும் தங்களுக்கு உரியதைத்தான் செய்தார்கள்.

இந்தத் திருவருகைக்காலத்தில் ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். கிறித்தவர் அல்லாத அன்பர்களும் தத்தம் மரபில் இதைச் செய்து பார்க்கலாம். வாரத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் இளையவரை முதலில் பேச விடுங்கள். நம் வீட்டில் எது சரியில்லை என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். அடுத்து வீட்டின் மூத்தவரைக் கேளுங்கள். வேலைக்கென ஒருவர் இருந்தால் அவரையும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். சொன்னவற்றுள் உங்கள் நெஞ்சைக் குத்தியது எதுவோ அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் அந்த ஒன்றை மட்டும் மாற்ற முயலுங்கள்.

முதல் வாரம் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அஞ்சுவார்கள். இரண்டாம் வாரமும் கேளுங்கள்.